பழைய கொரோலாவுக்கு அண்டர்டிரைவ் புல்லி போடலாமா?

அக்கரைப்பற்றிலிருந்து தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். கையில் இருப்பது 1994ஆம் ஆண்டின் ‘நூறு’ என்கிற ஏஈ100 மொடல் கொரோலா, 5ஏ-எஃப்ஈ எஞ்சின், மனுவல் கியர். தினமும் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய் வருகிறார். ஏசி போட்டால் கார் இழுக்கவில்லை, பெற்றோலும் கூடக் குடிக்கிறது. அலுமினிய அண்டர்டிரைவ் புல்லி போட்டால் பத்துக் குதிரைச் சக்தி கூடும் என்று விளம்பரத்தில் பார்த்திருக்கிறார். ஊரில் ஒரு லேத் பட்டறைக்காரரோ இருக்கிற கிரேங் புல்லியையே கடைந்து சின்னதாக்கித் தரலாம் என்கிறாராம். இரண்டில் எது நல்லது என்பது கேள்வி. ஆனால் தம்பிக்கு உண்மையில் வேண்டியது புல்லி இல்லை, ஏசி போட்டாலும் இழுக்கிற ஒரு கார். என் பதில், இரண்டும் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

நான் கராஜில் வேலை பழகி, பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பகுதி படித்தவன். கையில் அதிகம் வந்துபோவது தொண்ணூறுகளின் ஜப்பான் கார்கள்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 தொடக்கம் வரை புதிதாகக் கார் வரவில்லை. அதனால் முப்பது வருடக் கார்களை எறிய மனம் வராமல் எல்லோரும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதில் தவறில்லை, அவை நல்ல எஞ்சின்கள். உங்கள் காரை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். நீங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எஞ்சினின் சுற்றுகிற தண்டான கிரேங் ஷாப்டின் முன் முனையில் இருக்கிற கிரேங் புல்லிதான் பெல்ட்டைச் சுற்றுகிறது. அந்தப் பெல்ட்களில் டைனமோ, வோட்டர் பம்ப், பவர் ஸ்டியரிங் பம்ப், ஏசி கம்பிரசர் எல்லாம் தொங்குகின்றன. கிரேங் புல்லியைச் சின்னதாக்கினால், அல்லது அந்தந்தச் சாமான்களின் புல்லியைப் பெரிதாக்கினால், எஞ்சின் அதே வேகத்தில் சுற்றும்போது இவை மெதுவாகச் சுற்றும். உதாரணத்துக்கு 140 மில்லிமீற்றர் புல்லிக்குப் பதில் 112 மில்லிமீற்றர் போட்டால் எல்லாம் 20 சதவீதம் மெதுவாகும். விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் 15 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கும். மெதுவாகச் சுற்றுகிற சாமான் குறைவாகச் சக்தி எடுக்கும், மிச்சம் சில்லுக்குப் போகும் என்பதுதான் விற்கிறவர்களின் கணக்கு. கணக்கு பொய்யில்லை. எல்லாச் சாமானுக்கும் அது ஒரே மாதிரிப் பொருந்தாது, அவ்வளவுதான்.

வோட்டர் பம்பை எடுத்துக்கொண்டால் கணக்கு அழகாகப் பொருந்தும். பம்ப் எடுக்கிற சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறி இறங்கும், அதனால் 20 சதவீதம் மெதுவாக்கினால் அது எடுக்கிற சக்தி கிட்டத்தட்டப் பாதியாகும். ஆனால் தண்ணீர் ஓட்டமும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். உங்கள் எஞ்சினில் வோட்டர் பம்ப் வெளிப் பெல்ட்டில் ஓடுவது, ஆகவே இது உங்களைப் பிடிக்கும். ஹொண்டா டி வகை எஞ்சின்களில் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடுவதால் கிரேங் புல்லியை மாற்றினாலும் தண்ணீர் ஓட்டம் மாறாது. சிவிக் வைத்திருக்கிற சிநேகிதர் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய எஞ்சின் வேறு.

டைனமோவில் கதை மாறுகிறது. ஹெட் லைட், ஃபேன், வைப்பர் எல்லாம் கேட்கிற கரண்டைக் கொடுப்பதுதான் டைனமோவின் வேலை. மெதுவாகச் சுற்றினாலும் அதே கரண்டைத்தான் கொடுக்க வேண்டும், அதற்கு அதே அளவு சக்தியைத்தான் எஞ்சினிடம் கேட்கும். மிச்சமாவது பேரிங் உராய்வும் உள்ளே சுற்றுகிற விசிறி காற்றைத் தள்ளுகிற சக்தியும் மட்டும். கொடுக்க முடியாத அளவுக்கு மெதுவானால், குறைகிற கரண்டைப் பற்றரி கொடுக்கும். பிறகு அந்தப் பற்றரியை யார் சார்ஜ் பண்ணுவது? அதே டைனமோ, அதே எஞ்சின்.

உங்கள் பிரச்சினையே ஏசிதான், அதிலும் இந்தப் புல்லி உதவாது. உங்கள் காரின் கம்பிரசர் கிளச் பிடித்தும் விட்டும் ஓடுவது. காருக்குள் குளிர் போதுமானால் கிளச் விடும், போதாவிட்டால் பிடிக்கும். கம்பிரசரை மெதுவாக்கினால் ஒரு நிமிடத்தில் தள்ளுகிற கேஸ் குறையும், குளிர் வர நேரமெடுக்கும், கிளச் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். முன்பு இரண்டு நிமிடம் கடுமையாக இழுத்ததை இப்போது இரண்டரை நிமிடம் கொஞ்சம் மெல்ல இழுக்கும். ஏசியின் பாரத்தை ஒரேயடியாக இறக்க வேண்டுமானால் டாஷ்போர்டில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. முந்துகிற நேரம் ஏசி பட்டனை அமத்திவிடுங்கள். கிளச் விட்டதும் கம்பிரசரின் பாரம் முழுவதும் போய்விடும், எந்தப் புல்லியும் அவ்வளவு கொடுக்காது. மகியங்கனைப் பக்கம் 18 வளைவு ஏறுகிறவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள்.

பவர் ஸ்டியரிங் பம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடும்போது பம்ப் தள்ளுகிற ஒயிலில் கூடுதலானதை அதன் வால்வு திருப்பி அனுப்பிவிடும், எனவே மெதுவாக்கினால் கொஞ்சம் மிச்சம்தான். பாக் பண்ணும்போது மட்டும் ஸ்டியரிங் இறுகும்.

மொத்தத்தில் எவ்வளவு கிடைக்கும்? இங்கே நான் சொல்வது மதிப்பீடு. 1,500 சிசி எஞ்சினில், மேல் ஆர்பிஎம்மில், ஒன்றிலிருந்து மூன்று குதிரைச் சக்தி என்றால் நம்புவேன். பத்து என்றால் நம்ப மாட்டேன், ஏனென்றால் இந்தச் சாமான்கள் அத்தனையும் சேர்ந்தே பத்துக்கு மேல் அதிகம் எடுப்பதில்லை, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பத்து எப்படி வரும்? விளம்பரங்களில் வருகிற பெரிய எண்கள் பல அமெரிக்க வி8 எஞ்சின்களை வைத்துச் சொன்னவை. அந்த ஒன்றோ மூன்றோ கூட 5,000, 6,000 ஆர்பிஎம்மில் வருவது. அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, கல்முனை, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி என்று ஊர் முடியுமுன் ஊர் தொடங்குகிற றோட்டில் உங்கள் எஞ்சின் பெரும்பாலும் 2,000க்கும் 2,500க்கும் நடுவில்தான் ஓடும். அந்த வேகத்தில் வோட்டர் பம்ப் எடுப்பதே சொற்பம். அதில் பாதியை மிச்சம் பிடித்தால் பெற்றோல் பில்லில் தெரியாது. ரயருக்குக் காற்றுச் சரியாக அடித்தால் அதைவிடத் தெரியும்.

அண்டர்டிரைவ் புல்லிக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு, அது ரேஸ். கட்டுக்குருந்தையிலும் தியத்தலாவையிலும் ஓடுகிறவர்கள் எஞ்சினை விடாமல் 7,000க்கு மேல் வைத்திருப்பார்கள். அந்த வேகத்தில் வோட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுவதற்குப் பதில் குமிழி அடிக்கத் தொடங்கும், பெல்ட் கழன்று பறக்கும், ஸ்டியரிங் ஒயில் கொதிக்கும். அங்கே சாமான்களை மெதுவாக்குவது சக்திக்காக மட்டுமில்லை, சாமான் பிழைப்பதற்காகவும்தான். அந்தக் கார்களில் ஏசி கிடையாது, ட்ரபிக்கில் நிற்பதும் கிடையாது.

நமக்கோ நிற்பதுதான் வேலை. மாலை ஆறு மணிக்குக் காத்தான்குடி மெயின் றோட்டில் மார்கழி மழைக்குள் நிற்பதை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் 800இல் ஓடுகிறது. டைனமோ எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றும், 1,800 என்று வைப்போம். 20 சதவீதம் குறைத்தால் 1,440. பழைய டைனமோவுக்கு அது கரண்ட் கொடுக்கத் தொடங்குகிற வேகத்தை நெருங்குகிற இடம். அந்த நேரம் ஹெட் லைட் இரண்டும் சேர்ந்து 110 வோட்ஸ், ஏசி புளோவர், ரேடியேட்டர் ஃபேன், கம்பிரசர் கிளச், வைப்பர், எஞ்சினின் சொந்தச் செலவு என்று கூட்டினால் 30 அம்பியரைச் சுலபமாகத் தாண்டும். லைட் மங்கும், பற்றரி இறங்கும், மறுநாள் காலை ஸ்டார்ட்டர் முனகும். வெயில் காலத்தில் வேறு தொல்லை. கச்சான் காற்று அனலாக வீசுகிற ஆனி ஆடியில் ஏசியோடு நிற்கிற காருக்குத் தண்ணீர் ஓட்டமும் குறைந்தால் டெம்பரேச்சர் முள் ஏறும். ரேடியேட்டர் புதிதாக இருந்தால் தாங்கும். முப்பது வருட ரேடியேட்டரில், அதுவும் கூலன்ட் இல்லாமல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரில், தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி டாம்பர். இந்த விஷயத்தில் எது நிச்சயம், எது வாதத்துக்குரியது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நிச்சயமானது: ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிரேங் ஷாப்ட் ஒரு கணம் முறுகி, திரும்பி வரும். ஈரச் சாரத்தைப் பிழிவது போலத்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. பின்பக்கம் ஃபிளைவீல் பாரமாகப் பிடித்திருப்பதால் ஆட்டம் முன் முனையில், புல்லி இருக்கிற இடத்தில்தான் கூட வரும். குறிப்பிட்ட சில ஆர்பிஎம்மில் இந்த முறுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பெரிதாகும். அதை அடக்கத்தான் பல எஞ்சின்களின் கிரேங் புல்லியில் நடுக் குடத்துக்கும் வெளி வளையத்துக்கும் இடையே றப்பர் வைத்து ஒட்டியிருக்கிறார்கள், டாம்பர் என்பது இதுதான். ஒரே துண்டாகக் கடைந்த அலுமினியப் புல்லியில் அந்த றப்பர் இல்லை. எஞ்சின் உள்ளேயே பலன்ஸ் செய்யப்பட்டது, ஆகவே டாம்பர் தேவையில்லை என்று விற்கிறவர்கள் சொல்வது இரண்டு விஷயத்தைக் குழப்புவது. பலன்ஸ் என்பது சுற்றும்போது குலுங்காமல் இருப்பது. முறுக்கு வேறு.

வாதத்துக்குரியது: டாம்பர் இல்லாவிட்டால் சாதாரணமாக ஓடுகிற நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு எவ்வளவு கெடுதல், எத்தனை வருடத்தில்? நாலு சிலிண்டர் கிரேங் குட்டை, ஆறு சிலிண்டர் நீள எஞ்சினைப் போல அது முறுகாது. சில சின்ன எஞ்சின்கள் கொம்பனியிலிருந்தே டாம்பர் இல்லாத புல்லியோடு வந்திருக்கின்றன. அலுமினியப் புல்லி போட்டு வருடக்கணக்காக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் போட்டால் கிரேங் உடையும் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் உங்கள் எஞ்சினில் ஒயில் பம்பை நேராகக் கிரேங்கின் அதே முன் முனைதான் சுற்றுகிறது. முறுக்கு அதிகம் அடிக்கிற இடத்தில் ஒயில் பம்ப் உட்கார்ந்திருக்கும்போது, ஒன்றிரண்டு குதிரைச் சக்திக்காக அந்த றப்பரைக் கழற்றி எறிய என் மனம் ஒப்பாது.

லேத்தில் கடைவது இதைவிட மோசம். லேத்காரரின் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. வெளி வளையத்தின் பாரத்தையும் றப்பரின் இறுக்கத்தையும் அந்த எஞ்சினுக்கென்று பொருத்தித்தான் டாம்பரைச் செய்கிறார்கள். வளையத்தைக் கடைந்து பாரத்தைக் குறைத்தால் டாம்பர் வேறு ஆர்பிஎம்முக்குப் போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் மட்டும் சரியாகத் தெரியும். இன்னொன்று, பல வரிப் பெல்ட்டின் புல்லியில் வரிக்கு வரி தூரம் 3.56 மில்லிமீற்றர், பள்ளத்தின் கோணம் 40 பாகை. கொஞ்சம் பிசகினாலும் பெல்ட் கத்தும், ஓரம் பிய்யும். மூன்றாவது, புல்லியின் விளிம்பில் டைமிங், அதாவது பிளக் பொறி அடிக்கிற நேரம், பார்க்கிற வெட்டு இருக்கிறது. அதைக் கடைந்துவிட்டால் டைமிங் லைட் அடித்து எதைப் பார்ப்பது? டிஸ்ரிபியூட்டர் வைத்த எஞ்சின் உங்களுடையது. டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் இணைத்து ஐட்லில் 10 பாகைக்கு வைக்க வேண்டிய டைமிங் இரண்டு மூன்று பாகை பின்னால் போனால், புல்லியில் கிடைத்த சக்தி அங்கேயே போய்விடலாம். விற்பனைக்கு வருகிற அலுமினியப் புல்லிகளிலும் அந்த வெட்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும். கடற்கரையில் இருக்கிற நமக்கு உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் சேர்கிற இடம் அரிப்பது தனிக் கதை.

உங்கள் பழைய புல்லியே சரியாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். முன் வலது சில்லைக் கழற்றி, உள் கவரை விலக்கினால் புல்லி நேராகத் தெரியும். துணியால் துடைத்துவிட்டு, நடுக் குடத்திலிருந்து வெளி வளையம் வரை, றப்பரைத் தாண்டி, வெள்ளைப் பெயின்ற்றால் ஒரே நேர்கோடு கீறுங்கள். வெண்கட்டி மழையில் அழிந்துவிடும், பெயின்ற்தான் நல்லது. சில நாள் வழக்கம் போல ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கோடு றப்பர் இருக்கிற இடத்தில் முறிந்து விலகியிருந்தால் றப்பர் செத்துவிட்டது, வெளி வளையம் வழுக்குகிறது. அதோடு டைமிங் வெட்டும் நகர்ந்திருக்கும், ஏனென்றால் வெட்டு இருப்பது அந்த வெளி வளையத்தில்தான். இப்படிப்பட்ட காருக்கு யாராவது டைமிங் லைட் அடித்துச் சரி என்று சொல்லியிருந்தால், பிழையான குறியைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறார். ஒயில் பட்டும் வெயில் பட்டும் முப்பது வருடத்தில் இந்த றப்பர் வெடிப்பது புதினமில்லை. அப்படியானால் புல்லி மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதே அளவில், டாம்பரோடு. கொழும்பில் பழைய சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் எடுத்தாலும் றப்பர் வெடிக்காததாகப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது ஏசியின் பாரம். முன்னால் குனிந்து கண்டன்சரைப் பாருங்கள். தகடுகள் மண்ணால் அடைத்தோ உப்பில் உதிர்ந்தோ இருந்தால் சூடு வெளியேறாது, கேஸ் அமுக்கம் ஏறும், கம்பிரசர் அந்த அமுக்கத்துக்கு எதிராகத் தள்ள வேண்டும். ஏசி போட்டதும் கார் கயிறு கட்டி இழுப்பது போல ஆவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். கேஸ் கூட அடித்திருந்தாலும் இதே கதை. குளிர் போதவில்லை என்றதும் மீற்றர் பார்க்காமல் கேஸ் ஏற்றிவிடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. இரண்டு பக்க அமுக்கத்தையும் கேஜ் போட்டுப் பார்க்கிற ஆளிடம் காட்டுங்கள். கண்டன்சர் ஃபேன் சரியான வேகத்தில் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள்.

பெற்றோலுக்கு இன்னொரு சந்தேகம் இருக்கிறது. எஞ்சின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்ட கார்கள் இங்கே ஏராளம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் ஓடும்போது தேவையான சூட்டுக்கு வராது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று சென்சர் சொல்ல, கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட அடித்துக்கொண்டே இருக்கும். ஓடும்போது டெம்பரேச்சர் முள் பாதிக்கு வராமல் கீழேயே கிடந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். தெர்மோஸ்டாட்டின் விலை புல்லியின் விலைக்குப் பக்கத்திலும் வராது.

இவ்வளவுக்கும் பிறகும் போட்டுத்தான் பார்ப்பேன் என்றால், முதலில் பற்றரியில் மீற்றரை வைத்து, ஐட்லில், ஏசி, ஹெட் லைட், வைப்பர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இப்போதே 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த எண்ணத்தை விடுங்கள். தாங்கினால், கிரேங் புல்லியைத் தொடாமல் டைனமோவின் புல்லியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்குகிற வழி இருக்கிறது. டாம்பரும் தண்ணீர் ஓட்டமும் அப்படியே இருக்கும். பலன் அனேகமாகத் தெரியாது, ஆனால் திருப்பி மாற்றவும் சுலபம். பெல்ட் நீளத்தை மட்டும் மறுபடி அளந்து வாங்குங்கள். கிரேங் புல்லியையே 28 மில்லிமீற்றர் சின்னதாக்கினால் பெல்ட் 40 மில்லிமீற்றருக்கு மேல் குட்டையாக வேண்டும், பழைய பெல்ட்டை இழுத்து இறுக்கிச் சமாளிக்க முடியாது.

புல்லியை எதற்காகக் கழற்றினாலும் ஒரு விஷயம். வெளி வளையத்தில் கொக்கிப் புல்லர் போட்டு இழுக்கவோ சுத்தியலால் தட்டவோ விடாதீர்கள், நல்ல றப்பரும் அதிலேயே கழன்றுவிடும். குடத்தில் புல்லர் போல்ட் பூட்டுவதற்கென்றே மரை வெட்டிய ஓட்டைகள் இருக்கின்றன, அதில் பூட்டி இழுக்க வேண்டும். நடு போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது, கிரேங்குக்கும் புல்லிக்கும் நடுவில் வருகிற சாவி (கீ) பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, டோர்க் ரெஞ்சால், மனுவலில் போட்டிருக்கிற அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.